மலைப்பாதையில் மலிவு டயர் தேயும்போது: அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

குறைந்த விலை டயர் போடுவது குற்றமில்லை. குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் சின்ன கார் வைத்திருப்பவர்கள் பலரும் கணக்குப் பார்த்துத்தான் டயர் மாற்றுகிறோம். மேல்ரக டயருக்கும் சிக்கன ரகத்துக்கும் நான்கு சக்கரத்துக்குச் சேர்த்து வரும் விலை வித்தியாசம் ஒரு வீட்டின் மாத மளிகையைத் தொட்டுவிடும். புதிதாகப் போட்டு ஓட்டும்போது இரண்டுக்கும் பெரிய வேற்றுமையும் தெரியாது. பாதி தேய்ந்த பிறகுதான் வேற்றுமை வெளியே வரும். அதுவும் மழையில் மட்டும்தான் வரும் என்பதால் பலருக்கு அது தெரிவதே இல்லை.

காய்ந்த ரோட்டில் தேய்ந்த டயர் நம்மை நன்றாக ஏமாற்றும். பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள், உயரமாக இருக்கும்போது வளைவில் நெளியும். தேய்ந்து குட்டையானதும் நெளிவு குறைந்து ஸ்டீயரிங் இன்னும் கச்சிதமாக இருப்பதுபோல் தோன்றும். உருளுவதற்கு வேண்டிய விசை குறைவதால் மைலேஜும் கொஞ்சம் கூடும். "வண்டி இப்பத்தான் நல்லா ஓடுது" என்று சொல்கிற அந்த மாதங்களில்தான் டயர் ஈரத்தில் பிடிப்பை இழந்துகொண்டிருக்கிறது. அதனால் கீழே சொல்லும் எந்த அறிகுறியைச் சோதித்தாலும் காய்ந்த ரோட்டில் ஓட்டிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

மலிவு டயர் ஏன் தேயும்போது சீக்கிரம் பிடிப்பை இழக்கிறது? மூன்று காரணம். கட்டைகளுக்கு நடுவே ஓடும் பள்ளத்தின் வடிவம் ஒன்று: மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் வெட்டப்பட்ட பள்ளம் தேயத் தேய ஒடுங்கிவிடும், தண்ணீர் போக வழி இருக்காது. அடிவரை ஒரே அகலமாக இறங்கும் பள்ளம் கடைசிவரை வேலை செய்யும். இரண்டாவது, கட்டைகளின் மேல் கத்தியால் கீறியதுபோல் தெரியும் மெல்லிய வெட்டுகள். ஈரப்படலத்தை உடைத்து ரப்பரை ரோட்டில் பதிய வைப்பவை அவைதான். பல சிக்கன டயர்களில் அவை பாதி ஆழத்துக்கு மேல் இறங்குவதில்லை. பாதி தேய்ந்ததும் காணாமல் போய் வெறும் வழுவழுப்பான கட்டை மிஞ்சும். மூன்றாவது ரப்பர் கலவை. ஈரத்திலும் குளிரிலும் இளக்கமாக இருக்க சிலிக்கா சேர்ப்பார்கள். விலையைக் குறைக்கும்போது அதில்தான் கை வைப்பார்கள். மேட்டுப்பாளையத்து வெயிலில் இது தெரியாது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தாவில் உறைபனி விழுந்த காலையில் வண்டியை எடுத்தால் தெரியும்.

விலை உயர்ந்த எல்லா டயரும் தேய்ந்த பின் நன்றாக இருக்கும் என்றும் இல்லை. டயரின் ஈரப் பிடிப்பைப் புது டயரில் சோதித்துத்தான் இத்தனை காலம் மதிப்பிட்டு வந்தார்கள். தேய்ந்த நிலையிலும் சோதிக்க வேண்டும் என்பது ஐரோப்பாவில் புதிதாக அனுமதி பெறும் கார் டயர்களுக்கு 2024இல்தான் விதியாக வந்தது. எனவே கடையில் நின்று பள்ளத்தைக் குனிந்து பார்ப்பதைத் தவிர நமக்கு வேறு நல்ல வழி இல்லை.

அறிகுறிக்குப் போகும் முன் அளந்துவிடுங்கள்

புது கார் டயரில் பள்ளத்தின் ஆழம் பொதுவாக 7 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்காக ஒரு சின்ன மேடு இருக்கும். அது எங்கே என்று காட்ட டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ போட்டிருப்பார்கள். பட்டன் அந்த மேட்டோடு சமமானால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர். நம் மோட்டார் வாகன விதியும் காருக்கு அதைத்தான் கடைசி எல்லையாக வைத்திருக்கிறது.

சட்டத்துக்கு 1.6 போதும். மலைக்குப் போதாது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கியதும் ஈரத்தில் பிரேக் தூரம் வேகமாக நீளத் தொடங்கும். நீலகிரியில் ஓடும் வண்டிக்கு 3 என்பதையே மாற்றும் எல்லையாக வையுங்கள் என்பேன். சிக்கன ரகமென்றால் 4 வந்ததுமே புது டயருக்குப் பணம் ஒதுக்கத் தொடங்குங்கள்.

ஆழம் அளக்கும் கேஜ் ஆட்டோ பார்ட்ஸ் கடையில் மலிவாகவே கிடைக்கும். ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்தால் முன் டயரின் உள் ஓரம் கைக்கு எட்டும். பின் டயரின் உள் ஓரத்தை யாருமே பார்ப்பதில்லை. ஜாக் போட்டாவது பாருங்கள். அந்த அளவுகள் இருந்தால்தான் கீழே உள்ளவற்றில் பாதிக்கு விடை கிடைக்கும்.

எப்போது அளப்பது என்பது நீங்கள் இருக்கும் பக்கத்தைப் பொறுத்தது. கூடலூர், பந்தலூர், தேவாலாக்காரர்களுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் பெரியது. மே மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரில் வடகிழக்கு மழை வரும். செப்டம்பரில் பார்த்தால் சரியாக இருக்கும்.

அறிகுறி: மழையில் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்காமல் போகிறது

முதலில் இது டயரா பிரேக்கா என்று பிரிக்க வேண்டும். மிதித்ததும் சக்கரம் பூட்டி வழுக்கினாலோ, ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் மிதி காலடியில் படபடவென்று துடித்தாலோ, பிரேக் தன் வேலையைச் செய்துவிட்டது. ரோட்டைப் பிடிக்க முடியாமல் போனது டயர். சக்கரம் பூட்டவும் இல்லை, துடிப்பும் இல்லை, மிதி மட்டும் கீழே போகிறது என்றால் அது பிரேக் கோளாறு. குன்னூரிலிருந்து கல்லாறு வரை இரண்டாவது கியர் போடாமல் பிரேக்கிலேயே இறங்கினால் கருகல் வாடையோடு மிதி பஞ்சுபோல் ஆகும். சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஓரம் கட்டி ஆறவிட்டு, இறங்கியதும் மெக்கானிக்கிடம் போங்கள். புது டயர் அதைத் தீர்க்காது.

ஏ.பி.எஸ். துடிப்பு ஒரு நல்ல சாட்சி. போன மழைக்காலத்தில் சாதாரணமாக நின்ற அதே இடத்தில், அதே வேகத்தில், இந்த வருடம் லேசாக மிதித்தாலே துடிக்கிறது என்றால் டயர் பிடிப்பு இறங்கிவிட்டது. ஏ.பி.எஸ். இருப்பதால் தேய்ந்த டயரோடு தைரியமாக ஓட்டலாம் என்ற பேச்சை நம்பாதீர்கள். சக்கரம் பூட்டாமல் காத்து, ஸ்டீயரிங் வேலை செய்ய விடுவதுதான் அதன் வேலை. இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

சரிவு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறீர்கள். நல்ல டயர் ஈர ரோட்டில் வண்டி எடையில் 0.7 பங்கு விசையோடு பிடிக்கிறது, தேய்ந்த கெட்டி ரப்பர் 0.4 பிடிக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சமதளத்தில் முதலாவது சுமார் 9 மீட்டரிலும் இரண்டாவது சுமார் 16 மீட்டரிலும் நிற்கும். இனி நூறு மீட்டருக்கு 8 மீட்டர் இறங்கும் சரிவில் அதே இரண்டையும் விடுங்கள். சரிவு இரண்டிலிருந்தும் ஒரே அளவைத்தான், அதாவது 0.08ஐக் கழிக்கிறது. 0.7இல் 0.08 போனால் பெரிய நஷ்டமில்லை, 10 மீட்டர் ஆகும். 0.4இல் 0.08 என்பது ஐந்தில் ஒரு பங்கு. நிற்கும் தூரம் ஏறக்குறைய 20 மீட்டர். சமதளத்தில் 7 மீட்டராக இருந்த வித்தியாசம் இறக்கத்தில் 10 மீட்டர் ஆகிவிட்டது. இவையெல்லாம் பிரேக் பிடித்த பிறகு ஆகும் தூரம். கால் பெடலுக்குப் போகும் நேரத்தில் ஓடும் தூரம் தனி. பர்லியார் பக்கம் வளைவு திரும்பியதும் எதிரே பஸ் ஒடித்துக்கொண்டு நிற்கும்போது அந்த 10 மீட்டர் எங்கிருந்து வரும்?

கோயம்புத்தூர்ச் சமதளத்தில் ஓட்டுகிறவர்கள் தேய்ந்த டயர் என்றதும் தண்ணீரில் மிதந்து போவதைத்தான் சொல்வார்கள். வேகமாகப் போகும்போது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் ஆப்புபோல் நுழைந்து தூக்கிவிடும் அந்த ஆபத்து நெடுஞ்சாலைக்கு உரியது. மலையில் நாம் 25, 30இல் போகிறோம். இங்கே அது அரிது. இங்கே வழுக்குவது மெல்லிய படலத்தில். வெயிலே படாத வளைவில் பாசி படர்ந்த ஓரம், யூகலிப்டஸ் இலை அழுகிய சகதி, தேயிலைத் தோட்டத்துச் செம்மண் கரைந்து வந்த பூச்சு, கழுவிய கேரட் மூட்டை ஏற்றி இறங்கும் லாரி சொட்டிவிட்டுப் போன தண்ணீர். கோடை மழையின் முதல் தூறலில் இவற்றோடு ரோட்டில் படிந்த எண்ணெயும் சேர்ந்துகொள்ளும். இந்த மெல்லிய படலத்துக்குப் பெரிய பள்ளத்தைவிட அந்தச் சின்ன வெட்டுகளும் ரப்பரின் இளக்கமும்தான் அதிகம் உதவும். அதனால்தான் கேஜில் 4 மில்லிமீட்டர் காட்டியும் சில டயர்கள் மலையில் வழுக்குகின்றன. ஆழம் இருக்கிறது, வெட்டுகள் மறைந்துவிட்டன.

செய்ய வேண்டியது: கட்டைகளின் மேல் விரலால் தடவிப் பாருங்கள். மெல்லிய வெட்டுகள் நகத்தில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் கேஜ் என்ன சொன்னாலும் அந்த டயர் இந்த மழைக்காலத்துக்கு ஆகாது. ஓட்டிப் பார்ப்பதென்றால், பின்னால் வண்டி வராத, சமமான, நேரான ஈர ரோட்டில் 30இல் போய் அழுத்தி மிதித்துப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் இந்தச் சோதனை வேண்டாம்.

அறிகுறி: வளைவில் ஸ்டீயரிங் திருப்பியும் மூக்கு நேராகப் போகிறது

முன் டயர் பிடிக்கவில்லை. நம் சின்ன கார்களில் பெரும்பாலானவை முன் சக்கர இழுவை வண்டிகள். ஏற்றத்தில் இழுப்பதும், இறக்கத்தில் பிரேக் பாரத்தைத் தாங்குவதும், வளைவில் திருப்புவதும் அந்த இரண்டு டயர்தான். மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் ஏறி இறங்கும் வண்டியின் முன் டயரைப் பாருங்கள்: நடுவில் பட்டன் நன்றாக இருக்கும், வெளி ஓரம் மட்டும் உருண்டு வழுவழுப்பாகியிருக்கும். ஸ்டீயரிங் முழுக்க ஒடித்துத் திரும்பும்போது பாரம் முழுவதும் அந்த ஓரத்தில்தான் விழுகிறது. நடுப் பள்ளத்தை மட்டும் அளந்துவிட்டு "இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். வளைவில் ரோட்டைப் பிடிப்பது ஓரம். ஓரத்தின் அளவே டயரின் அளவு.

இது கோளாறும் அல்ல, மலை ஓட்டத்தின் இயல்பு. மருந்து டயர் இடமாற்றம்தான். சமதளத்தில் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவதை இங்கே 5,000 அல்லது 6,000இல் செய்யுங்கள். முன் டயர் இரண்டும் நேராகப் பின்னால் போகட்டும், பின் டயர் இரண்டும் குறுக்காக முன்னால் வரட்டும். பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் குறுக்கே மாற்றக் கூடாது; அதே பக்கத்தில் முன்பின்னாக மட்டும் மாற்றலாம்.

அறிகுறி: இறக்கத்து வளைவில் பின்பக்கம் விலகுகிறது

இந்தப் பட்டியலில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். மூக்கு நேராகப் போனால் உங்களுக்கு உடனே தெரியும். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து முன் டயர் பெரும்பாலும் மறுபடி பிடிக்கும். பின்பக்கம் விலகினால் எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங் ஒடித்துச் சரிசெய்ய இடம் வேண்டும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. இடம் கிடையாது.

இறக்கத்தில் பாரம் முன்னால் சரிந்துவிடும். பிரேக் பிடித்தால் இன்னும் சரியும். பின் சக்கரம் லேசாகிவிட்ட அந்த நேரத்தில் பின் டயரும் மொட்டையாக இருந்தால் வழுக்க ஒரு இலைச் சகதி போதும்.

இங்கே ஊர் வழக்கமும் சரியான முறையும் நேரெதிராக நிற்கின்றன. இரண்டே டயர் வாங்குகிறவர் கடையில் சொல்வது: "அண்ணே, புதுசை முன்னாடி போடுங்க, ஸ்டீயரிங் அங்கதானே இருக்கு." கடைக்காரரும் "சரி தம்பி" என்று மாட்டிவிடுவார். பின்னால் தேய்ந்தது போகும். காய்ந்த ரோட்டில் ஒன்றும் தெரியாது. மழை வந்ததும் முன்பக்கம் நன்றாகப் பிடித்து வளைவுக்குள் திரும்பும், பின்பக்கம் கூட வராது. புதிய ஜோடி எப்போதும் பின்னால்தான் போக வேண்டும். முன் சக்கர இழுவை வண்டியானாலும் அதுதான். கடைக்காரர் மறுத்தாலும் கேட்டு மாட்டிக்கொள்ளுங்கள். முன்னால் வைக்கும் பழையது 4 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் இரண்டு போதாது, நான்கும் வாங்க வேண்டிய நேரம். இடமாற்றம் செய்யும்போதும் இதே விதிதான்: முன்பின் வித்தியாசம் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் ஆகும்வரை விடாமல் அடிக்கடி மாற்றிக்கொண்டே வந்தால் தேய்ந்தது பின்னால் போகும் பிரச்சினையே எழாது.

அறிகுறி: ஈர ஏற்றத்தில் முன் சக்கரம் சுற்றுகிறது

மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதை 36 கொண்டை ஊசி வளைவுகளும் செங்குத்தான ஏற்றமும் கொண்டது. முதல் கியரில் வளைவு ஏறும்போது ஒரு சக்கரம் 'கிர்' என்று சுற்றி நின்றால், ஏற்றத்தில் பாரம் பின்னால் போய் முன் சக்கரம் லேசாகிவிட்டது என்பது பாதிக் காரணம். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் மூட்டை என்றால் இன்னும் அதிகம். ஆளும் சுமையும் இல்லாமலேயே சுற்றினால் ரப்பர் கெட்டியாகிவிட்டதா பாருங்கள்.

பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் தயாரானது. மலைவாசிகளின் வண்டி வருடத்துக்கு ஓடும் தூரம் குறைவு. டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். வாசலில் வெயிலில் நிற்கும் வண்டிக்கு உயரத்து வெயிலின் புற ஊதாக் கதிர் வேறு. பள்ளத்தின் அடியிலும் பக்கவாட்டிலும் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால், கட்டையில் நகத்தை அழுத்தினால் கொஞ்சமும் உள்ளே போகவில்லை என்றால், 5 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தும் பயனில்லை. ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடம் ஒருமுறை பஞ்சர் கடையில் கழற்றி உள்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். பத்து வருடத்துக்கு மேல் எந்த டயரும் வேண்டாம், ஸ்டெப்னியும் சேர்த்து.

அறிகுறி: ஸ்டீயரிங்கை விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது

காற்றைச் சரிபார்த்த பிறகும் இழுத்தால், அம்புக்குறி இல்லாத டயர் என்றால், முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். இழுப்பு மறுபக்கம் மாறினால் டயரின் கட்டுமானத்திலேயே கோணல். சிக்கன ரகங்களில் இது வருவதுண்டு. அதே பக்கம் இழுத்தால் வீல் அலைன்மென்ட், அல்லது ஒரு பக்கப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இரண்டு முன் ரிம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் தகித்தால் அது பிரேக்.

அறிகுறி: வேகம் கூடக்கூட ஊளையிடும் சத்தம்

பேரிங்கா டயரா என்பதுதான் முதல் கேள்வி. ரோடு மாறும்போது, சொரசொரப்பான பழைய தாரிலிருந்து புதுத் தாருக்கு வரும்போது சத்தமும் மாறினால் டயர். இடம் வலம் லேசாக அசைத்து ஓட்டும்போது ஒரு பக்கம் பாரம் விழுந்தால் சத்தம் கூடி, மறுபக்கம் குறைந்தால் பேரிங்.

டயர் என்று முடிவானால் கையை வைத்துப் பார்ப்பதுதான் சோதனை. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கட்டைகளின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே இழுங்கள். பிறகு வெளியிலிருந்து உள்ளே. ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், மறு திசையில் ரம்பப் பல்போல் கையைப் பிடித்தால் சக்கரம் நேராக உருளாமல் தேய்த்துக்கொண்டு ஓடியிருக்கிறது: அலைன்மென்டில் டோ, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு, தவறு. சுற்றளவு நெடுக அங்கங்கே கிண்ணம் கிண்ணமாகக் குழி இருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது, சக்கரம் துள்ளித் துள்ளி ஓடுகிறது. ஷாக் அப்சார்பரை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றினால் புதியதும் சில மாதத்தில் அப்படியே ஆகும். உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் இரண்டையும் பார்த்துவிட்டு அலைன்மென்ட் செய்யச் சொல்லுங்கள். தளர்ந்த புஷ்ஷோடு அலைன்மென்ட் செய்தால் அடுத்த குழியிலேயே கணக்கு மாறிவிடும்.

ஊளை வந்த டயர், காரணத்தைச் சரிசெய்தாலும் உடனே அமைதியாகாது. பின் சக்கரத்துக்கு மாற்றி ஓட்டினால் மெல்ல மெல்லக் குறையும்.

அறிகுறி: ஸ்டீயரிங் அதிர்கிறது

மலையில் தெரியாது, மேட்டுப்பாளையம் இறங்கி 80இல் போகும்போது மட்டும் அதிர்ந்தால் வீல் பேலன்சிங். 20, 30இலேயே வண்டி தூக்கித் தூக்கிப் போட்டால் ஓட்டுவதை நிறுத்தி டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் கொப்புளம் இருந்தாலோ, மேற்பரப்பில் ஒரு இடம் மட்டும் புடைத்திருந்தாலோ உள்ளே இழை அறுந்துவிட்டது அல்லது கம்பி அடுக்கு பிரிந்துவிட்டது. மழையில் சரிந்து விழுந்த கல்லும், எதிரே பஸ்ஸுக்கு வழிவிட இறங்கி ஏறும் ரோட்டோரக் கூர் விளிம்பும் இதற்குக் காரணம். மலிவு டயரோ விலை டயரோ, கொப்புளத்துக்கு ஒட்டு வேலை கிடையாது. அங்கேயே ஸ்டெப்னி மாட்டிவிட்டுப் போங்கள்.

காற்று பற்றிய குழப்பம்

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. நடு தேய்ந்து ஓரம் நன்றாக இருந்தால் காற்று அதிகம். (முன் டயரில் வெளி ஓரம் மட்டும் தேய்வது வேறு, மேலே சொன்ன மலை வளைவின் தேய்மானம்.)

மலை ஏறினால் காற்றழுத்தம் கூடும் என்று ஒருவர் சொல்வார், குளிரில் குறையும் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் உண்மை. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டரிலும் ஊட்டி சுமார் 2,240 மீட்டரிலும் இருக்கின்றன. அந்த உயரத்துக்கு வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். கீழே 32 டிகிரி, மேலே 15 டிகிரி என்றால் குளிரால் ஏறக்குறைய இரண்டரை பி.எஸ்.ஐ. குறையும். ஒன்றை ஒன்று அடித்துவிடும். ஆனால் ஓடி வந்த சூட்டோடு அளந்தால் தவறான எண் வரும். சூட்டில் கூடுதலாகக் காட்டியதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டுப் போகிறவர்கள் மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு வளைவு இறங்குகிறார்கள். நீங்கள் எங்கே வசிக்கிறீர்களோ அங்கே, காலையில் வண்டியை எடுக்கும் முன், ஓட்டுநர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வையுங்கள். ஆள் நிறைய ஏறும் நாளில் முழுச் சுமைக்கு அதே ஸ்டிக்கரில் தனியாக எழுதியிருக்கும் அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். பிடிப்பு கூடும் என்று மழையில் காற்றைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், பள்ளங்கள் ஒடுங்கித் தண்ணீர் போகும் வழி இன்னும் குறையும்.

பழைய டயர் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் வெட்டி விற்பதுண்டு. ரீகட்டிங் என்பார்கள். கார் டயரில் பள்ளத்தின் அடியில் மெல்லிய ரப்பர்தான், அதற்கும் கீழே கம்பி. வெட்டியவர் அந்த மிச்சத்தைத்தான் வெட்டியிருப்பார். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. டயரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பள்ளத்துக்குள் பாருங்கள்: கம்பெனியில் வார்த்த பள்ளத்தின் அடி சீராக, ஒரே ஆழமாக இருக்கும், கையால் வெட்டியது அலை அலையாக, ஓரம் பிசிறாக இருக்கும். டி.டபிள்யூ.ஐ. முக்கோணத்துக்கு நேரே அந்தச் சின்ன மேடு இருக்கிறதா? மேடே இல்லாமல் பள்ளம் நேராக ஓடினால் மேட்டையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். கருப்புப் பாலிஷ் பளபளப்பைப் பார்க்காதீர்கள், அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். அது சுரண்டப்பட்டிருந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

புதியதானாலும் சிக்கன ரகம் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஆறு மாதத்துக்குள் தயாரான தேதி, வண்டிக்கு உரிய அளவு, டயர் தாங்கும் எடையைக் காட்டும் சுமை எண் ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு, மெல்லிய வெட்டுகள் பள்ளத்தின் அடிவரை இறங்குகின்றனவா என்று ஒரு விசிட்டிங் கார்டின் முனையை நுழைத்துப் பாருங்கள். பக்கத்தில் உள்ள பெரிய பள்ளத்தின் ஆழத்தில் முக்கால் பங்காவது கார்டு போனால் அந்த டயர் தேய்ந்த பின்னும் கொஞ்சம் காப்பாற்றும். பாதியிலேயே தட்டி நின்றால் அடுத்த ரகத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே விலையில் இரண்டு டயர் இருக்கும்போது இந்தச் சோதனை தீர்ப்புச் சொல்லிவிடும்.

மாட்டிய முதல் 200, 300 கிலோமீட்டர் புது டயருக்கு மேற்பரப்பில் அச்சு விடுபடப் பூசிய வழவழப்பு இருக்கும். அது உரியும்வரை வளைவில் நிதானமாகப் போங்கள். கடையிலிருந்து எடுத்த அன்றே மழையில் கல்லட்டிப் பாதைக்குப் போக வேண்டாம்.